உள்ளிருந்தும் வெளியிலிருந்தும்: படுக்கையருகே செய்யும் டிரக்கியாஸ்டமியில் வழிகாட்டும் படங்கள்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்



தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரின் துணையால் மூச்சுவிடும் நோயாளிக்கு, வாய்வழியே செலுத்திய குழாயை நீண்ட நாட்களுக்கு வைத்திருக்க இயலாத நிலையில், கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் நேரே ஒரு குழாயை வைக்கின்றனர். மருத்துவர் முதல் நோயாளியின் உறவினர் வரை அனைவரும் டிரக்கியாஸ்டமி என்றே அழைக்கும் இந்தச் சிகிச்சை, இன்று பெரும்பாலும் அறுவை அரங்கில் அல்லாமல் படுக்கையருகிலேயே ஊசி, கம்பி, விரிப்பான் ஆகியவற்றைக் கொண்டு நடைபெறுகிறது. அவ்வாறு நடைபெறும்போது ஊசியின் வழியை மருத்துவருக்குக் காட்டும் கருவி எதுவாக இருக்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கென இரண்டு கருவிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, நுனியில் ஒளியும் கேமராவும் கொண்டு மூச்சுக்குழலுக்குள் இறங்கும் வளையும் குழலான பிராங்கோஸ்கோப்; மற்றொன்று, தோலின் மேல் வைத்து ஒலியலைகளின் எதிரொலியால் உள்ளுறுப்புகளைப் படமாக்கும் அல்ட்ராசவுண்டு. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டு ஆய்வுகள் பல நடந்துள்ளன. அவ்வாறு தரவரிசை கேட்பதால் நோயாளிக்குப் பயன்படும் விடை கிடைப்பதில்லை என்பதும், இவ்விரு கருவிகளும் ஒரே ஆபத்தை இருவேறு திறனில் காண்பவை அல்ல, இருவேறு ஆபத்துகளைக் காண்பவை என்பதும், ஆகவே குறிப்பிட்ட நோயாளியின் கழுத்திலும் நுரையீரலிலும் மூளையிலும் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதே கருவியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதும் இங்கே நிறுவ முற்படும் கருத்தாகும். அக்கருத்து எட்டுப் பகுதிகளாக விரிகிறது.

1. மறைந்துபோன மூச்சுக்குழல்

மூச்சுக்குழலைத் திறக்கும் அறுவை மிகப் பழையது என்றாலும், அதைப் பிறருக்குக் கற்பிக்கத்தக்க ஒழுங்கான முறையாக அமைத்துத் தந்தவர் அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன் ஆவார். 1909இல் அவர் வகுத்த முறையில் தோலை அறுத்து, தசைகளை இருபுறமும் விலக்கி, குறுக்கே கிடக்கும் தைராய்டுச் சுரப்பியின் நடுப்பகுதியை ஒதுக்கி, மூச்சுக்குழலைக் கண்ணால் கண்ட பிறகே அறுவை மருத்துவர் அதைத் திறந்தார். கண்ணே வழிகாட்டியாக இருந்ததால் அங்கே வேறு படத்துக்குத் தேவை எழவில்லை.

1953இல் சுவீடனின் கதிரியல் மருத்துவர் ஸ்வென் செல்டிங்கர், இரத்தக் குழாய்க்குள் ஊசியைச் செலுத்தி, ஊசியின் வழியே மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிய பின் அக்கம்பியின் மேலேயே குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். இதே நெறியை மூச்சுக்குழலுக்குப் பொருத்தி, கம்பியின் மேல் படிப்படியாகப் பருமன் கூடும் விரிப்பான்களை ஏற்றித் துளையை அகலமாக்கும் முறையை, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் பணியாற்றிய நெஞ்சக அறுவை மருத்துவர் பாஸ்குவாலே சியாக்லியா 1985இல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் கிரிக்ஸ் 1990இல் விரிப்பானுக்கு மாற்றாக ஓர் இடுக்கியை அறிமுகப்படுத்தினார். பல விரிப்பான்களின் வேலையை ஒன்றே செய்யும் கூம்பு வடிவ விரிப்பான் பின்னர் வந்து பரவலான வழக்காயிற்று.

இம்முறையால் நோயாளியை வென்டிலேட்டரோடும் மருந்துக் குழாய்களோடும் அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லும் இடர் நீங்கியது, காயமும் சிறியதாயிற்று. ஆனால் ஜாக்சனின் முறையில் கண்ணுக்கு முன்னே கிடந்த மூச்சுக்குழல் தோலுக்கு அடியில் மறைந்துவிட்டது. படிம வழிகாட்டல் என்பது இவ்வாறு இழந்த பார்வையைத் திரும்பப் பெறும் முயற்சியே ஆதலால், எந்தக் கருவி அப்பார்வையின் எந்தப் பகுதியைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பதே ஒப்பீட்டின் சரியான தொடக்கமாகும்.

2. ஊசி கடக்கும் வழியும் உயிருக்கு வரும் ஆபத்தும்

வளர்ந்தவர்களின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அதன் முன்புறத்தையும் பக்கங்களையும் தாங்குகின்றன. இவை முழு வளையங்கள் அல்ல. பின்புறம் திறந்திருக்க, அத்திறப்பை மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அச்சவ்வை ஒட்டிப் பின்னால் உணவுக்குழல் செல்கிறது. முன்சுவருக்கும் பின்சவ்வுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், முன்சுவரைத் துளைத்த ஊசி சற்றே அழுந்தினாலும் பின்சவ்வைக் கிழித்துவிடக்கூடும்.

தோலுக்கும் முன்சுவருக்கும் இடையே உள்ள பகுதியும் வெற்றிடம் அன்று. நடுக்கோட்டின் இருபுறமும் முன்கழுத்துச் சிரைகள் இறங்குகின்றன. தைராய்டின் நடுப்பகுதி பெரும்பாலும் 2ஆம் வளையம் முதல் 4ஆம் வளையம் வரை குறுக்கே கிடக்கிறது. சிலருக்குத் தைராய்டுக்குச் செல்லும் கூடுதல் தமனி ஒன்று நடுக்கோட்டிலேயே ஏறுகிறது. பெருந்தமனியிலிருந்து பிரிந்து வலக்கைக்கும் தலையின் வலப்புறத்துக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் பிரேக்கியோசெபாலிக் தமனி சிலருக்கு மார்பெலும்புக்கு மேலே கழுத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. துளை மிக மேலே அமைந்தால் மூச்சுக்குழலுக்கு நேர் மேலே உள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பு காயமுற்றுக் குரல்வளைக்குக் கீழே சுருக்கம் ஏற்படலாம்; மிகக் கீழே அமைந்தால் குழாயோ அதைச் சுற்றி ஊதி வைக்கும் காற்றுப்பையோ அத்தமனியை அரித்து, நாட்கள் கழிந்தபின் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கை உண்டாக்கலாம். சியாக்லியா தொடக்கத்தில் கிரிக்காய்டுக்கு அடுத்த இடைவெளியிலேயே துளையிட்டார். பின்னர் அந்த இடம் 1ஆம், 2ஆம் வளையங்களுக்கு இடையிலோ 2ஆம், 3ஆம் வளையங்களுக்கு இடையிலோ என்று கீழிறங்கியதற்கு மேற்கூறிய சுருக்கம் பற்றிய அச்சமே காரணம்.

இந்தச் சிகிச்சையால் நேர்ந்த இறப்புகளைத் திரட்டி 2013இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அதுவரை பதிவான 71 இறப்புகளைப் பகுத்து, அவற்றுள் 38 விழுக்காடு இரத்தப்போக்கினாலும், ஏறத்தாழ 30 விழுக்காடு குழாய் இடம்பெயர்தல் போன்ற மூச்சுவழிச் சிக்கல்களாலும், 15.5 விழுக்காடு மூச்சுக்குழல் கிழிந்ததாலும், 5.6 விழுக்காடு நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி அதை அமுக்கும் நியூமோதொராக்ஸ் என்னும் நிலையாலும் நேர்ந்தவை என்று காட்டியது. இத்தொகுப்பு வெளியிடப்பட்ட நிகழ்வுகளை மட்டும் கொண்டது என்பதை மறக்கலாகாது. ஆயினும் இறப்புக்கான காரணங்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன என்பதை அது தெளிவாக்குகிறது. இரத்தப்போக்கு மூச்சுக்குழலுக்கு வெளியே இருந்து வருகிறது. கிழிதலும் குழாய் தவறான வழியில் செல்லுதலும் மூச்சுக்குழலின் உட்புறத்தோடும் பின்சுவரோடும் தொடர்புடையவை. கருவிகளின் ஒப்பீடு இந்த இரு இடங்களையும் பிரித்தறியாமல் நடக்குமானால் அது தொடக்கத்திலேயே குழம்பிவிடும்.

3. விரலே வழிகாட்டியாக இருக்கும் முறை

கருவி ஏதுமின்றி, கிரிக்காய்டையும் மார்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டறிந்து துளையிடத்தக்க இடத்தைக் கணிப்பதே அடிப்படை முறை. இதைப் பழமையென்று ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், பிராங்கோஸ்கோப்பை வழக்கமாகப் பயன்படுத்தாமல், வரையறுத்த நடைமுறையையும் பயிற்சி பெற்ற குழுவையும் கொண்டு செய்த 3,000க்கும் மேற்பட்ட டிரக்கியாஸ்டமிகளைப் பற்றி 2013இல் வெளியான அறிக்கை, பெரிய மூச்சுவழிச் சிக்கல்கள் 0.38 விழுக்காட்டினருக்கே நேர்ந்தன என்று கூறியது. ஒரே குழு ஒரே முறையைப் பல்லாயிரம் முறை செய்து பெறும் கைத்தேர்ச்சி எந்தப் படத்துக்கும் குறைந்ததன்று என்பதற்கு இது சான்று.

ஆனால் விரல் காட்டும் இடம் எவ்வளவு துல்லியமானது என்று அளந்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் 50 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போன்ற சார்பற்ற முறையில், இரு குழுக்களாகப் பிரித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், விரலின் கணிப்பால் செலுத்திய ஊசி நடுக்கோட்டிலிருந்து சராசரியாக 35 பாகை விலகியிருந்தது. அல்ட்ராசவுண்டின் வழியில் செலுத்திய ஊசி 15 பாகையே விலகியிருந்தது. இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மூச்சுக்குழல் சற்றே விலகிய துளையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே துல்லியக் குறைவு ஒவ்வொரு முறையும் தீங்காக மாறுவதில்லை. பருத்த கழுத்து, குட்டையான கழுத்து, முன்னர் அறுவை நடந்த கழுத்து, பக்கவாட்டில் தள்ளப்பட்ட மூச்சுக்குழல் ஆகியவற்றில்தான் அந்தப் பொறுமை தீர்ந்துபோகிறது. விரலும் அங்கேதான் முதலில் தோற்கிறது.

4. பிராங்கோஸ்கோப் காண்பதும் அதற்கு நோயாளி தரும் விலையும்

பிராங்கோஸ்கோப்பைக் கொண்டு இச்சிகிச்சையைச் செய்யும் வழக்கம் 1980களின் இறுதியில் தொடங்கியது. வாய்வழிக் குழாய்க்குள் அதை இறக்கி, அக்குழாயின் காற்றுப்பை குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவுக்குக் குழாயை மேலே இழுத்துக்கொண்டால், மூச்சுக்குழலின் உட்புறம் திரையில் தெரிகிறது. ஊசி உள்ளே நுழையும் நொடியையும், அது நடுவில் நுழைந்ததா பக்கத்தில் நுழைந்ததா என்பதையும், வளையங்களுக்கு இடையில் நுழைந்ததா வளையத்தையே துளைத்ததா என்பதையும், கம்பி கீழ்நோக்கிச் செல்கிறதா மேலேறிக் குரல்வளைப் பக்கம் திரும்பிவிட்டதா என்பதையும், விரிப்பான் அழுந்தும்போது பின்சவ்வு முழுமையாக இருக்கிறதா என்பதையும் அது காட்டுகிறது. இறுதியில் குழாய் மூச்சுக்குழலுக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் உறுதிசெய்யவும், கசிந்த இரத்தத்தை உறிஞ்சி எடுக்கவும் அதுவே உதவுகிறது.

இப்பயன்களுக்கு ஈடாக நோயாளி தரும் விலையைக் கணக்கிட எளிய வடிவியல் போதும். 5.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிராங்கோஸ்கோப், 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வாய்வழிக் குழாயின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ பாதியை அடைத்துக்கொள்கிறது. குழாய் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ளதானால் மூன்றில் இரண்டு பங்கு அடைபடுகிறது. எஞ்சிய இடைவெளியில்தான் வென்டிலேட்டரின் காற்று உள்ளே சென்று வெளியே வர வேண்டும் என்பதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. அது ஏறும்போது மூளையின் இரத்தக் குழாய்கள் விரிவடைந்து மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. தலையில் அடிபட்டவருக்கு இது கேடு. மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலின் காற்றறைகள் மூடிக்கொள்ளாதிருக்க வென்டிலேட்டர் தரும் அழுத்தம் இந்நேரத்தில் குலைவதால், கடும் நுரையீரல் அழற்சி உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு சரிந்துவிடலாம். இவற்றோடு, கருவியைப் பிடிக்க இன்னொரு பயிற்சி பெற்ற மருத்துவர் தேவை. ஊசி பட்டுக் கருவி சேதமடைதலும் உண்டு. பயன்படுத்திய கருவியைக் கிருமிநீக்கம் செய்வது தனி வேலை. ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிராங்கோஸ்கோப்புகள் கடைசிச் சிக்கலைத் தீர்த்தாலும் செலவைக் கூட்டுகின்றன.

பிராங்கோஸ்கோப்பின் பெரிய எல்லை வேறொன்று. ஊசி மூச்சுக்குழலின் முன்சுவரைக் கடந்த பிறகே அதன் கண்ணுக்குப் புலப்படுகிறது. அதற்கு முன்னர் ஊசி எதன் வழியே வந்தது, எந்தச் சிரையை உரசியது, தமனி எங்கே துடித்துக்கொண்டிருக்கிறது என்பவற்றை அது அறியாது.

5. அல்ட்ராசவுண்டு காண்பதும் காணாததும்

உயர் அதிர்வெண் கொண்ட நேர்க்கோட்டுப் புரோபைக் கழுத்தின் நடுவே நெடுக்காக வைத்தால், கிரிக்காய்டு ஒரு மேடாகவும் அதன் கீழே வளையங்கள் மணிகளைக் கோத்தது போன்ற வரிசையாகவும் தெரிகின்றன. ஆகவே எத்தனையாவது இடைவெளியில் துளையிடுகிறோம் என்பதை எண்ணியே சொல்லலாம். புரோபைக் குறுக்காகத் திருப்பினால் மூச்சுக்குழல் நடுக்கோட்டில் இருக்கிறதா, தைராய்டு எவ்வளவு தடித்திருக்கிறது, சிரைகள் எங்கே ஓடுகின்றன என்பவை புலப்படுகின்றன. இரத்த ஓட்டத்தை நிறத்தால் காட்டும் டாப்ளர் வசதி தமனியை உறுதிசெய்கிறது. தோலிலிருந்து முன்சுவர் வரை உள்ள ஆழத்தை அளந்துகொண்டால், பருத்த உடலுள்ளவருக்கு வழக்கமான குழாய் போதுமா, நீளம் கூடிய குழாய் வேண்டுமா என்பது முன்னரே தெரிந்துவிடும். கழுத்தில் மிகக் குட்டையான குழாயை வைத்துவிட்டால், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அது மூச்சுக்குழலை விட்டு வெளியேறிவிடக்கூடும் என்பதால் இந்த அளவு உயிர்காக்கும் செய்தியாகும். ஜெர்மனியில் விபத்து நோயாளிகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், அல்ட்ராசவுண்டில் கண்டதை வைத்து ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத் துளையிடும் இடம் மாற்றியமைக்கப்பட்டது.

அல்ட்ராசவுண்டின் எல்லையை வகுப்பது காற்று. ஒலியலை மூச்சுக்குழலின் முன்சுவரை அடைந்து காற்றைச் சந்தித்ததும் எதிரொலித்துத் திரும்பிவிடுவதால், அதற்கு அப்பால் தெரிபவை போலி எதிரொலிகளே. பின்சவ்வும் உணவுக்குழலை ஒட்டிய எல்லையும் அதற்குப் புலப்படா. தோலுக்கடியில் காற்று பரவியிருக்கும் கழுத்திலும், கட்டுப் போடப்பட்ட கழுத்திலும் படமே தெளிவாக விழாது.

சுவரில் துளைபோடும்போது, சுவருக்குள் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே செல்கின்றன என்பதை வெளியே நின்று கருவி வைத்துப் பார்ப்பவரும், துளையின் நுனி அறைக்குள் எங்கே எட்டிப்பார்க்கிறது என்பதை உள்ளே நின்று சொல்பவரும் செய்யும் வேலைகள் வேறுவேறு. ஒருவர் இருப்பதால் மற்றவர் வேண்டாதவர் ஆகிவிடுவதில்லை.

மேலும், அல்ட்ராசவுண்டு வழிகாட்டல் என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு செயல்கள் நடைபெறுகின்றன. முதலில் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் கருவியை ஒதுக்கிவைத்துத் துளையிடுவது ஒன்று. ஊசி தோலைத் தொட்டது முதல் முன்சுவரைக் கடக்கும் வரை திரையில் தொடர்ந்து பார்த்தபடி செய்வது மற்றொன்று. முன்னதற்குச் சில நிமிடப் பயிற்சி போதும். பின்னதற்குக் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் நீண்ட பழக்கம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து தொகுக்கும் ஒப்பீடுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

6. நேருக்கு நேர் வைத்த ஆய்வு சொல்வது எவ்வளவு

இவ்விரு கருவிகளையும் நேரே ஒப்பிட்ட ஆய்வுகளுள் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்து 2016இல் வெளியான டிராக்கஸ் ஆய்வு. இதில் 118 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டு, 60 பேருக்கு அல்ட்ராசவுண்டின் துணையாலும் 58 பேருக்குப் பிராங்கோஸ்கோப்பின் துணையாலும் டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. திறந்த அறுவைக்கு மாற நேர்தல், திட்டமிடாமல் மற்றக் கருவியையும் நாட நேர்தல், பெரிய சிக்கல் உண்டாதல் ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் அது தோல்வி எனக் கொள்ளப்பட்டது. இரு குழுக்களிலும் தலா ஒருவருக்கே, அதாவது 1.7 விழுக்காட்டினருக்கே, தோல்வி நேர்ந்தது. சிறு சிக்கல்கள் அல்ட்ராசவுண்டு குழுவில் 20 பேருக்கும் பிராங்கோஸ்கோப் குழுவில் 12 பேருக்கும் நேர்ந்தன. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் கணிப்பு. சிகிச்சைக்கு ஆன நேரத்தின் நடு அளவு முறையே 11 நிமிடமும் 13 நிமிடமும் ஆகும்.

இந்த ஆய்வு எந்தக் கேள்வியைக் கேட்டது என்பதை அவையோர் கூர்ந்து கவனிக்க வேண்டும். அல்ட்ராசவுண்டு மேலானது என்று காட்டுவது அதன் நோக்கம் அன்று. பிராங்கோஸ்கோப்பைவிட அது ஏற்கத்தகாத அளவுக்குத் தாழ்ந்ததன்று என்று காட்டுவதே நோக்கம். இவ்வகை ஆய்வில், எவ்வளவு தாழ்வு வரை ஏற்கலாம் என்ற வரம்பை ஆய்வாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இங்கே அறிவித்த வரம்பு 6 விழுக்காட்டுப் புள்ளிகள். கண்டறிந்த வேறுபாடு சுழியமே என்றாலும், உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லையின் மேல்முனை 5.85 வரை சென்றது. வரம்புக்குள் அடங்கியதால் முடிவு செல்லும். ஆனால் அடங்கியது மயிரிழையில்.

அரிய சிக்கல்களைப் பொறுத்தவரை இதன் பொருளை இன்னொரு கணக்கால் விளக்கலாம். 60 பேரில் ஒருவருக்கும் ஒரு கேடு நேரவில்லை என்றால், அக்கேட்டின் உண்மையான அளவு 5 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது புள்ளியியலின் எளிய விதி. மேலே கூறிய 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு, இச்சிகிச்சையால் நேரும் இறப்பு ஏறத்தாழ 0.17 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஒரு கருவியால் இந்த இறப்பு இரு மடங்காகிறதா என்பதை வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி அறிய, ஏறத்தாழ 28,000 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வேண்டும். அப்படி ஓர் ஆய்வு நடைபெறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே இரண்டும் சமம் என்ற முடிவு, நாள்தோறும் நேரும் எளிய சிக்கல்களுக்குப் பொருந்துமே அன்றி, உயிரைப் பறிக்கும் அரிய சிக்கல்களைப் பற்றி ஆய்வுகள் இன்னும் பேசவில்லை. ஆய்வு பேசாத இடத்தில் உடற்கூறும் இயற்பியலுமே துணை. கருவி எதைக் காண்கிறது, எதைக் காணாது என்ற அறிவே அங்கே தீர்ப்புச் சொல்கிறது.

7. நோயாளியை வைத்துக் கருவியைத் தேர்தல்

தேர்வைச் சீராகச் செய்யப் போதிய நேரம் இருக்கிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஐக்கிய இராச்சியத்தில் 909 நோயாளிகளைச் சேர்த்து 2013இல் வெளியான டிராக்மேன் ஆய்வு இதற்கு விடை தருகிறது. முதல் 4 நாட்களுக்குள் டிரக்கியாஸ்டமி செய்வதற்கென ஒதுக்கிய குழுவில் 30 நாள் இறப்பு 30.8 விழுக்காடு, 10 நாட்கள் கழித்துத் தேவையானால் மட்டும் செய்வதற்கென ஒதுக்கிய குழுவில் 31.5 விழுக்காடு. பின்னைய குழுவில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே டிரக்கியாஸ்டமி தேவைப்பட்டது. வாய்வழிக் குழாய் உள்ள நோயாளிக்கு இது பெரும்பாலும் நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை. கருவியும் ஆளும் வரும்வரை காத்திருக்க இடம் உண்டு.

அக்காத்திருப்பைப் பயன்படுத்திக் கொள்ளத்தக்க ஒழுங்கு வருமாறு. முதலாவது, நோயாளி எவராயினும் துளையிடும் முன் அல்ட்ராசவுண்டால் கழுத்தைப் பார்த்துவிட வேண்டும். இதனால் நோயாளியின் மூச்சுக்கு எந்த இடையூறும் இல்லை, செலவும் சிறிது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சிரைகளுக்குள் குழாய் செலுத்துவதற்கென வைத்திருக்கும் கருவியே இதற்கும் போதும். ஊசியின் பாதையில் பெரிய தமனியோ பருத்த தைராய்டோ தென்பட்டால், படுக்கையருகே செய்யும் எண்ணத்தைக் கைவிட்டுத் திறந்த அறுவைக்கு அனுப்புவதே அந்தப் படம் தரும் அறிவுரை. வேண்டாம் என்று சொல்வதும் வழிகாட்டலின் ஒரு பகுதியே.

இரண்டாவது, முன்சுவருக்கு அப்பால் ஆபத்து மிகுந்தவர்களுக்கு, அதாவது பருத்த கழுத்து, விலகிய மூச்சுக்குழல், முந்தைய டிரக்கியாஸ்டமித் தழும்பு, விரிப்பான் எளிதில் ஏறாத கடினமான திசு ஆகியவை உள்ளவர்களுக்கும், கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ள மருத்துவர் செய்யும்போதும், பிராங்கோஸ்கோப்பையும் சேர்த்துக்கொள்வது தகும். ஊசி நுழையும் போதும் விரிப்பான் ஏறும் போதும் மட்டும் அதை உள்ளே வைத்து, இடையிடையே வெளியே இழுத்து வென்டிலேட்டருக்கு வழிவிட்டால் மேலே கூறிய கேடுகள் குறையும்.

மூன்றாவது, மூளை உள்ளழுத்தம் கூடியவர்களுக்கும், ஆக்சிஜன் குறைவைத் தாங்க இயலாத நுரையீரல் உள்ளவர்களுக்கும், கைதேர்ந்தவர் இருந்தால் அல்ட்ராசவுண்டைத் தொடர்ந்து பார்த்தபடி செய்யும் முறை ஏற்றது. தமிழ்நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட நாள் வென்டிலேட்டரை நாடுவோரில் சாலை விபத்தில் தலைக்காயமுற்றோரும், பூச்சிமருந்து நஞ்சுக்கு ஆளானோரும், நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயினரும் உள்ளனர். இவர்களுள் முதல் வகையினருக்குப் பிராங்கோஸ்கோப் கேட்கும் விலை மிகுதி. மற்ற இரு வகையினரில் நுரையீரல் தெளிவாக உள்ளவர்களுக்கு அந்த விலை தாங்கத்தக்கது. ஒரே பிரிவில் அடுத்தடுத்த படுக்கைகளில் இருப்பவர்களுக்கு விடை வேறுபடுகிறது என்பதே இச்சொற்பொழிவின் மையக் கருத்துக்கு நேரடிச் சான்று.

கோவிட் பெருந்தொற்றின்போது இத்தேர்வில் மருத்துவக் குழுவின் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் ஒரு குழுவினர் பிராங்கோஸ்கோப்பை வாய்வழிக் குழாய்க்குள் விடாமல் அதன் பக்கத்திலே இறக்கி, குழாயின் உட்பரப்பை அடைக்காமலும் காற்றுக் கசிவைக் குறைத்தும் 98 நோயாளிகளுக்குச் செய்து 2020இல் வெளியிட்டனர். கருவியின் குறை அதன் இயல்பில் மட்டும் இல்லை, அதை வைக்கும் இடத்திலும் இருக்கிறது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

8. எந்தப் படமும் செய்யாத வேலை

ஐக்கிய இராச்சியத்தில் மயக்க மருந்தியல் துறையினர் நாடளாவிய அளவில் மூச்சுவழிச் சிக்கல்களைத் திரட்டி 2011இல் வெளியிட்ட நான்காம் தேசியத் தணிக்கை அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த பெருங்கேடுகளில் டிரக்கியாஸ்டமி குழாய் இடம்பெயர்தல் முன்னிற்பதையும், அவை பருத்த உடலினரிடம் மிகுதியாக நேர்வதையும் காட்டியது. வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து அளந்து திரையில் அலையாகக் காட்டும் கேப்னோகிராபி இல்லாதது, அல்லது அதன் அலை சொல்வதைப் புரிந்துகொள்ளாதது, அப்பிரிவுகளில் நேர்ந்த மூச்சுவழி இறப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவற்றுக்குத் துணைக்காரணமாயிற்று என்றும் அது பதிந்தது. குழாய் மூச்சுக்குழலுக்குள் இருக்கிறதா என்ற கேள்விக்கு நாளும் நொடியும் விடை சொல்வது இந்த அலையே. துளையிடும் அரைமணி நேரத்துக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகும் பிராங்கோஸ்கோப்பும் அல்ட்ராசவுண்டும் அதற்கு மாற்றாக மாட்டா.

இதனால் பெறப்படும் முடிவுகள் தெளிவானவை. பிராங்கோஸ்கோப்பும் அல்ட்ராசவுண்டும் போட்டியாளர்கள் அல்ல. துளையிடும் முன் அல்ட்ராசவுண்டுப் பார்வை அனைவருக்கும் உரியது. பிராங்கோஸ்கோப் முன்சுவருக்கு அப்பால் ஆபத்து உள்ளவர்களுக்கும் கற்போர் கைகளுக்கும் உரியது. கேப்னோகிராபி ஒருவருக்கும் விலக்கின்றி, துளையிட்ட நாள் முதல் குழாயை அகற்றும் நாள் வரை, வென்டிலேட்டர் இணைந்திருக்கும்போதெல்லாம் உரியது. மருத்துவக் கல்லூரிகளில் தீவிர சிகிச்சைப் பட்டமேற்படிப்பு மாணவர்க்குக் கழுத்து அல்ட்ராசவுண்டை இப்போதே பாடமாக்க வேண்டும். புதிய பிராங்கோஸ்கோப் வாங்க நிதி ஒதுக்கும் மருத்துவமனைகள், ஒவ்வொரு வென்டிலேட்டர் படுக்கைக்கும் கேப்னோகிராபி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அந்த நிதி ஒதுக்கீட்டில் கையொப்பமிட வேண்டும் என்பதே அவையோர் முன் வைக்கும் வேண்டுகோள்.